கண்ணுக்குக் கொடுத்த உருண்டை

கணவனின் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. ஆனால் மனைவியை உறுத்தியது, அவனே தேடிப்பிடித்த ஹோமியோபதி டாக்டரம்மா கேட்ட கேள்விகள்தான்.

"கெட்ட கனவு வருமா? ராத்திரி முழிச்சுக்குவீங்களா? யார் மேலயாவது கோபமா?"

கண்வலிக்கு எதற்கு இந்த ஊர்க்கதை? கணவன் வேறு அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே பதில் சொன்னான். இதில் ஏதோ இருக்கிறது என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

டாக்டரம்மா குட்டி பாட்டிலில் வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். ஒரு வாரத்தில் கண் பளிச்சென்று ஆனது. உடனே அவள் தனியாகக் கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

"உங்க வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு டாக்டர்! நீங்க கொடுத்ததுல ஒண்ணுகூட அவர் சாப்பிடல. என்ன கருமமோன்னு நானே வாயில போட்டுப் பாத்து, நானே தீத்துட்டேன். அவர் சாப்பிட்டது, பாட்டில்ல நான் மாத்திப் போட்டு வெச்ச வெறும் சர்க்கரை உருண்டை. அதுலயே கண்ணு சரியாயிடுச்சு!"

டாக்டரம்மா சிரித்தார்.

"கண்வலி தானாவே போயிடும்மா. நான் கொடுத்தது சந்தேக புத்திக்கு. அன்னைக்கு அவர் சொன்ன பதிலெல்லாம் உங்களைப் பத்தித்தான். 'என் பேர்ல கொடுங்க, அவளே எடுத்துச் சாப்பிட்டுடுவா'ன்னு முன்னாடியே போன்ல சொல்லிட்டார். இப்ப குணம் தெரியுதா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் போன்ல பேசினீங்களா? எத்தனை நாளா நடக்குது இது?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து பெரிய பாட்டிலை எடுத்தார்.