நாலாவது கை

குண்டு விழுந்து இரண்டு முறை இடம் மாறிய ஆஸ்பத்திரி இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. அதன் கூரையில் அரியகுட்டி செஞ்சிலுவை வரைந்துகொண்டிருந்தார். மேலே வண்டு சுற்றியது. வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்கு அங்குள்ள சனங்கள் வைத்த பெயர் அது.

“பெரிசாக் கீறுங்கோ அண்ணை. மேல இருந்து பாக்க வடிவாத் தெரியவேணும்,” என்றாள் ஏணியைப் பிடித்திருந்த தாதி லோஜினி.

“முந்தின ரெண்டு இடத்திலயும் வடிவாத்தான் தெரிஞ்சது, பிள்ளை.”

லோஜினி வகுப்பறைத் தரையில் கிடந்த காயக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

சிலுவையின் மூன்று கைகள் முடிந்திருந்தன. அரியகுட்டி தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

“மிச்சக் கையையும் கீறட்டோ, விடட்டோ?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். வண்டின் வட்டம் கூரைக்கு மேலே சுருங்கிக்கொண்டே வந்தது.