டசினுக்கு ஒன்று கூட

"ஏறாத! டசின் ஆளு கேட்டாங்க, டசின் பேரும் எழுதியாச்சு!" என்று லொறியின் பின்கதவைப் படாரென்று சாத்தினார், கூலிக்கு ஆள் சேர்க்கும் கொந்தராத்துக்காரர் சுந்தரலிங்கம்.

அழகமுத்து விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அவன் பெயரை வெட்டிவிட்டார்கள்; லயத்து வீட்டில் மனைவி இலட்சுமி நிறைமாதக்காரி, பாவம், பச்சைத் தண்ணீரில் காலம் தள்ளுகிறாள். லக்கலயில் காடு வெட்டும் இந்த வேலையும் போனால் பட்டினிதான்.

"காலுல விழுறேங்கய்யா. ஒரு ஆளு கூடினா என்ன குறைஞ்சிடப் போகுது?"

லொறி நின்றிருந்தது உக்குவளையில், கலந்தர் நானாவின் பேக்கரி வாசலில். ஆட்களுக்குப் பணிஸ் ரொட்டிகளை எண்ணிப் போட்ட நானா, டசின் நிறைந்த பிறகும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டார்.

"என்ன நானா, கணக்குத் தப்புது?" என்றார் சுந்தரலிங்கம்.

"தப்பல்ல தம்பி. சீமையில ரொட்டி குறைஞ்சா பேக்கரிக்காரனுக்கு அடி விழுமாம். அந்தப் பயத்துல டசினுக்கு ஒண்டு கூடப் போட்டாங்களாம். ஒரு வெள்ளக்காரத் துரை எங்கட வாப்பாக்குச் சொன்னது. அப்ப இருந்து நம்ம கடையில டசின்டா பதிமூணு!"

சுந்தரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அழகமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, கல்நெஞ்சும் சில நேரம் இளகத்தான் செய்கிறது.

"சரி, ஏறு. நானும் டசினுக்கு ஒண்ணு கூடப் போடுற ஆளுதான்."

"எம் பேரு எழுதலீங்களாய்யா?"

"உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? ஏறு, ஏறு!"

அழகமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பங்குப் பணிஸை இலட்சுமிக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி நானாவிடம் தந்துவிட்டு, தாவி ஏறினான்.

லொறி மலைப்பாதையில் ஊர்ந்தது. பக்கத்தில் கிழவர் இருளாண்டி, பணிஸைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயாவுக்கு என்ன தங்கமான மனசு, பாத்தீங்களா மாமா?" என்றான் அழகமுத்து.

கிழவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது யானைக் காடுப்பா. வெட்டுறவங்களுக்கு முன்னால ஒருத்தன் தீப்பந்தம் புடிச்சுக்கிட்டுத் தனியாப் போவணும். பேரு எழுதின ஆளு செத்தா, ஐயா பதில் சொல்லணும்ல?"

அழகமுத்து லொறியின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப... யாரு மாமா முன்னால போவாங்க?"

"போன தடவ என் மகன் போனான்."