சாயாத நாற்று

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வளர்ச்சி ஹார்மோன் தண்டெங்கும் ஒரே அளவாகத்தான் ஊறும், நாற்று சாயாது என்று தக்காளி விதை உறையிலேயே போட்டிருந்தது. பழைய ரக விதை எந்தக் கடையிலும் இல்லை என்று ஆன பிறகு செண்பகவடிவு இதைத்தான் வாங்கி ஜன்னலோரத் தட்டில் விதைத்தாள்.

முன்பெல்லாம் தக்காளி நாற்று ஒரு பகலுக்குள் ஜன்னல் பக்கமாகக் கழுத்தை நீட்டிவிடும். அவள் கணவர் ஞானதுரை காலையில் ஒரு கையில் காப்பி டம்ளரோடு வந்து, மறு கையால் தட்டை அப்படியே திருப்பி வைப்பார். அத்தனை நாற்றும் அடுப்படியில் நிற்கும் அவளைப் பார்த்துத் தலை சாய்த்திருக்கும்.

"உனக்குத்தான் வணக்கம் சொல்லுதுங்க, வடிவு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே பேச்சுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்த வாரம் தட்டைத் திருப்ப ஆளில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் வந்து பார்த்தபோது நாற்றுகள் ஜன்னலை நோக்கிப் படுத்தே விட்டிருந்தன.

புது நாற்று குச்சி நட்டதுபோல நிமிர்ந்து வளர்ந்தது. இருந்தாலும் அவள் தினமும் தட்டைத் திருப்பினாள்.

"இதைத் திருப்பவே வேண்டாம்மா. எப்படி வச்சாலும் ஒண்ணுதான்" என்றாள் மகள் பூவரசி.

வடிவு அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டுப் பூவரசி ஓடிவந்தபோது, அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, கழுத்தை ஒரே பக்கமாச் சாய்ச்சிட்டு நிக்கிற? வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள் வடிவு. "திருப்பி வைக்கிற ஆள் இல்லையே."