கிளைமாக்ஸுக்கு முன்னால்

"குழந்தையைக் கூட்டிக்கிட்டு இந்தப் படத்துக்கா வந்தீங்க?" டிக்கெட் கிழிப்பவர் பதறினார். "விண்கலத்துக்குள்ள ஒரு பூதம் ஆளுங்களை ஒவ்வொருத்தரா தின்னுற கதைம்மா. பெரியவங்களே அலறுறாங்க."

"இவ பயப்பட மாட்டா" என்றாள் அவள், மகளின் கையை இறுகப் பிடித்தபடி.

அரங்கம் ஈயடித்தது. பத்துப் பேர் இருந்தால் அதிகம். விண்கலத்தின் குழாய்களுக்கு நடுவே பூதம் ஊர்ந்து வந்தபோது எல்லாரும் உறைந்துபோனார்கள். சிறுமி மட்டும் எழுந்து நின்று கையசைத்தாள்.

படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா, பாப்பா பயந்துட்டா!" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"இல்ல மாமா, எங்க அப்பாவைப் பாத்தாச்சு! கையெல்லாம் காட்டினேன்!"

அவர் விழித்தார். "அந்தப் பூதம் உங்க வீட்டுக்காரரா? முகமே தெரியலையேம்மா!"

"ரப்பர் உடுப்புக்குள்ள இருந்தாருங்க."

"அப்ப கிளைமாக்ஸைப் பாக்காமப் போறீங்களே! காத்தில்லாம பூதம் துடிச்சுச் சாகுமே, என்னா நடிப்பு! இந்தப் படத்தை யாரும் கண்டுக்கல. ஆனா அந்த ஒரு சீனுக்கே விருது குடுக்கணும். தினமும் உள்ள போய் நின்னு பாப்பேன்."

அவள் மகளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள்.

"உடுப்புல மூச்சு விடுற ஓட்டை அடைச்சுக்கிச்சுங்க. அன்னிக்கு ஷூட்டிங்ல இருந்தவங்களும் உங்களை மாதிரியே நடிப்புன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டே நின்னாங்க. கேமராவை யாரும் நிறுத்தல."

உள்ளே கைதட்டல் எழுந்தது.

சிறுமி திரும்பி வருவதற்குள், அவர் ஓடிப்போய் அரங்கின் கதவை இழுத்துச் சாத்தினார்.