பன்னிரண்டு நிமிஷம்

“பன்னிரண்டு நிமிஷம் நாற்பது செகண்ட்,” என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார் பியானோக்காரர். “போன வாரம் பதினொண்ணு. அதுக்கு முந்தின வாரம் ஒன்பது. குறிச்சு வெச்சிருக்கேன் அண்ணே.”

சாக்ஸபோன் வாசிக்கும் பெரியவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். வாத்தியத்தின் வாய்ப்பகுதியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே அந்த ஜாஸ் குழுவின் ஐந்து பேரும் கூடியிருந்தார்கள். மதியக் கச்சேரி முடிந்திருந்தது. மாலைக் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பெரியவர் குழுவில் இருப்பதா, போவதா? அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே, தோன்றியபடி கற்பனை செய்து வாசிப்பார்கள். தன் முறை முடிந்ததும் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். இவர்கள் குழுவில் பியானோவுக்குப் பிறகு சாக்ஸபோன், கடைசியில் டிரம்பட்.

மூன்று மாதமாகப் பெரியவர் தலையசைப்பதே இல்லை. கண்ணை மூடி ஊத ஆரம்பித்தால், திறக்கும்போது பாட்டின் நேரமே தீர்ந்திருக்கும். டிரம்பட்காரன் வாத்தியத்தை மார்போடு பிடித்தபடி, பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான்.

அவனை எல்லோரும் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வெயிலிலும் கசங்காத கோட்டு. அவன் அப்படி நிற்கும் அழகைப் பார்த்து, முன்வரிசைப் பெண்மணிகள் பெரியவரை முறைத்தார்கள். பத்திரிகை விமர்சகர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சாக்ஸபோன்காரருக்குப் பேராசை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ‘டிரம்பட் கலைஞர் வாசிக்காமல் விட்ட சுரங்களே அன்றைய கச்சேரியின் உச்சம்’ என்று அரைப் பக்கம் எழுதினார். அந்த அரைப் பக்கம் மாப்பிள்ளையின் பர்ஸில் பத்திரமாக இருந்தது.

ஹோட்டல் மேனேஜருக்கு வேறு கவலை. பெரியவர் ஆரம்பிக்கும்போது வைத்த சூப், அவர் முடிப்பதற்குள் ஆறிப்போகிறதாம். டிரம்ஸ்காரருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பாஸ் கிட்டார் வாசிக்கும் அம்மா மட்டும், இத்தனை வருஷம் இல்லாத பழக்கம் இப்போது ஏன் வந்தது என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பியானோக்காரருக்கும் மனசு கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கி வந்தார்.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே மூணு நிமிஷத்துல நிறுத்திக்கிறேன்னு. இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்.”

பெரியவர் தலையைத் தூக்கினார். மாப்பிள்ளை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“அப்படி வாக்குக் கொடுக்க முடியாதுப்பா.”

“ஏன்?”

“முடியாது. அவ்வளவுதான்.”

பியானோக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு இறங்கி வந்தும் இந்தத் திமிரா?

“சரி. போகட்டும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க.”

முதலில் உயர்ந்தது மாப்பிள்ளையின் கைதான். கூடவே ஒரு சொற்பொழிவு வேறு. கலை என்றால் பகிர்ந்துகொள்வதாம். வயதானால் ஒதுங்கிக்கொள்ளும் பெருந்தன்மை வேண்டுமாம். தனக்காக இல்லையாம், இசைக்காகப் பேசுகிறானாம். டிரம்ஸ்காரர் கை தூக்கினார். பியானோக்காரரும் தூக்கினார். பாஸ்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பெரியவர் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடினார். எல்லோரையும் கும்பிட்டார். பின்கதவு வழியாக இறங்கிப் போனார்.

பியானோக்காரர்தான் முதலில் தேறினார். எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டார்.

“மூணு மாசமா பொறுமையா நின்னே. இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் உனக்குத்தான். விமர்சகரையும் வரச் சொல்றேன். வெளுத்து வாங்கு.”

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

“பன்னிரண்டு நிமிஷமா? நான் தனியாவா?”

“வேற யாரு?”

மாப்பிள்ளை பின்கதவுப் பக்கம் பார்த்தான். தெரு காலியாக இருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

“அண்ணே, பெரியவரைத் திரும்பக் கூப்பிடுங்க.”

“என்னது?”

“என் உதட்டுல மூணு மாசமா நரம்பு வேலை செய்யலை. ஊதினா வெறும் காத்துதான் வருது. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அவர் சத்தத்துல மறைஞ்சுக்குவேன். தனியா வாசிச்சா தெரிஞ்சுபோயிடும், என்னைத் தூக்கிடுவீங்கன்னு பயம். என் முறை வரவே கூடாது, நீங்களே வாசிச்சு நேரத்தை முடிச்சுடுங்க, யார் கேட்டாலும் சொல்லிடாதீங்கன்னு நான்தான் அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்.”

பியானோக்காரர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“அப்புறம் எதுக்குடா முதல் ஆளா கையைத் தூக்கினே?”

மாப்பிள்ளை அவரை விநோதமாகப் பார்த்தான்.

“தூக்காம இருந்தா உங்களுக்கெல்லாம் என்மேல சந்தேகம் வந்திருக்குமே, அண்ணே.”