ஒரு கை குறையும்

"கையை மட்டும் தூக்குங்கோ, பாலா அண்ணை. வேற ஒண்டும் நீங்கள் செய்யத் தேவையில்லை" என்றான் இரவீந்திரன்.

பாலசிங்கம் ஜாக்கெட்டின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் நிறைந்துவிட்டது. அவர்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஆர்காவ் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் இன்று ஊர்க்கூட்டம். வரிச் சண்டையில் ஊர் மக்களே வரவுசெலவுத் திட்டத்தைத் தோற்கடித்துவிட்டார்கள். புத்தாண்டிலிருந்து ஊராட்சியின் கஜானாவுக்குப் பூட்டு. அதனால், திட்டம் இல்லாத காலத்திலும் ஊர்ப் பொலிஸாரின் சம்பளம் நிற்கக் கூடாது என்று ஒரு விதியை அவசரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊரே கை தூக்கித்தான் அதை நிறைவேற்ற வேண்டும்.

இரவீந்திரனுக்கு அது வெறும் விதி இல்லை. போன பனிக்காலத்தில் அவன் மனைவி பிரபாலினி பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தாள். ஓடி வந்தது சிவானுஜா, ஊர்ப் பொலிஸில் இருக்கும் ஒரே தமிழ்ப் பிள்ளை. தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரைக்கும் "பயப்பிடாதைங்கோ அக்கா" என்று கையைப் பிடித்தபடி பனியிலேயே இருந்தாளாம். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கண் கலங்கும். சம்பளம் நின்றால் அந்தப் பிள்ளை வேறு ஊருக்குப் போய்விடும் என்று பேச்சு.

பாலசிங்கத்துக்கோ பொலிஸ் என்றாலே ஆகாது. யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவேயில்லை. இங்கேயும் சிவானுஜா எதிரே வந்தால் மனுசன் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். இரவீந்திரன் ரெனான் என்ற ஊரிலிருந்து போன வருடம் குடிவந்த புதிதில், பிள்ளைகள் எங்கே என்று கேட்டதற்கு, தனக்கு ஒருவரும் இல்லை என்று கதையை முடித்துவிட்டார். மனைவியும் செத்துப்போன வீடு.

"யாழ்ப்பாணத்துப் பொலிஸ் மாதிரி இல்லை, அண்ணை, இந்தப் பிள்ளை. நீங்களும் ஒண்டைப் பெத்து வளத்திருந்தா உங்களுக்கு விளங்கியிருக்கும்."

சொன்ன பிறகுதான் இரவீந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தனி மனுசனிடம் சொல்கிற சொல்லா அது?

பாலசிங்கம் அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. சிப்பை இழுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தலைவர் மைக்கைத் தட்டி, வாக்கெடுப்புக்கு முன் சம்பந்தப்பட்டவர்கள் வெளியே போக வேண்டும் என்றார். அது இங்கத்தைய சட்டம். காரியம் யாருடையதோ அவர் மட்டுமில்லை, அவருடைய துணை, தாய் தகப்பன், பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்தைவிட்டு வெளியே நிற்க வேண்டும். போன கூட்டத்தில் பேக்கரிக்குப் பக்கத்துக் காணியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பேக்கரிக்காரரோடு அவருடைய அம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

பொலிஸார் எழுந்து போனார்கள். பின்னால் அவர்களுடைய மனைவிமார், ஒரு வெள்ளைக்காரத் தகப்பன். கடைசியாகச் சிவானுஜா, தனியே. கதவடியில் ஒருமுறை நின்று மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேறு யாரும் இருக்கிறார்களா என்று தலைவர் கேட்டார்.

பாலசிங்கம் எழுந்தார்.

இரவீந்திரனுக்குப் பதறிவிட்டது. கை தூக்க விருப்பமில்லையென்றால் சும்மா இருக்கலாமே. இப்படி ஊர் பார்க்க எழும்பிப் போய் அந்தப் பிள்ளையை அவமானப்படுத்த வேண்டுமா? அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தான்.

"இருங்கோ, அண்ணை. அது என்ன பாவம் செய்தது? ஒரு கை குறைஞ்சாலும் தோத்துப்போகும்."

பாலசிங்கத்தின் கண்கள் நிரம்பியிருந்தன. அவனுடைய விரல்களை மெல்ல விடுவித்தார்.

"கையைத் தூக்கத்தான் வந்தனான், தம்பி. ஆனா பிள்ளை வெளியில தனிய நிக்கிறாள். பெத்தவன் உள்ளுக்கு இருக்கக் கூடாதெல்லோ."