கடைக்காரன் தந்த பேட்டரி

நான் எலியை யானையாக்குகிறவன்தான். இதில் ஒரு சொட்டும் கூட்டவில்லை, கொஞ்சமாகத்தான் கூட்டியிருக்கிறேன். கதிர்வீச்சு அறைக்குள் பெயின்ட் அடிக்கப் போன ஞானதிரவியத்தை உள்ளே வைத்து, மலை போன்ற இரும்புக் கதவு இறுகிக்கொண்டது. வெளியே நாலு பேர் அதை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரைத் துளைத்து வந்த கண்ணாடி இழையின் நுனி என் கையில். உள்ளே கதிர் கசிகிறதா என்று பார்க்க, மறுமுனையில் அவனை டார்ச் காட்டச் சொன்னேன். பாஸ்பரஸ் கலந்த கண்ணாடி அது. கதிரைக் குடிக்கக் குடிக்கக் கறுக்கும். பக்கத்தில் நிற்கும் உடம்பும் அதையேதான் குடிக்கும். அவனுக்கு அது தெரியாது.

நுனியில் முதலில் வைரம். பிறகு தேன். பிறகு கடுங்காப்பி.

“அண்ணாச்சி, வெளிச்சம் வருதா?” என்றது இன்டர்காம்.

“மங்கலா இருக்குடே.”

“பேட்டரியில கடைக்காரன் ஏமாத்திட்டான், களவாணிப்பய! இருங்க, புதுசு போடுதேன்.” சிரித்தான்.

ரம்பம் கதவில் ஒரு விரல்கடைதான் இறங்கியிருந்தது. என் கையில் நுனி கரியாகிவிட்டது.

“இப்ப?”

“ஏயப்பா! சூரியனே வந்து என் நகத்துல உக்காந்திருக்குடே! கண்ணு கூசுது!”

“அப்ப கொஞ்சம் தள்ளிப் பிடிக்கேன் அண்ணாச்சி,” என்றான். “உங்க கண்ணுக்கு ஆகாது.”